மகள் வந்த பக்கம்

போன வருடம் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சுவிஸில் முர்ட்டனிலிருந்து நொஷாட்டல்வரை சைக்கிளில் போனோம். பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் எங்கள் கட்டடத்திலேயே குடியிருக்கும் அண்ணை ஒருவரின் ஏற்பாடு அது. அவர், அவருடைய மனைவி, கோயிலில் பழக்கமான இன்னொரு தம்பதி, நான், என் மகள். "இது ஓட்டப்போட்டியில்லை, பிள்ளையள். கதைச்சுக் கதைச்சு ஆறுதலாப் போவம்" என்று அண்ணை ரயிலிலேயே சொல்லிவிட்டார். சொன்னதில் ஒரு குறையும் வைக்கவில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தவர்கள்கூட எங்களை முந்தினார்கள்.

மகள் பேர்னில் பிறந்தவள், வேலை பழகுகிறாள். அவளுக்கு வர விருப்பமே இல்லை. "நீங்கள் விழுந்தா ஆர் தூக்கிறது?" என்று சொல்லித்தான் வந்தாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. இந்த நாட்டுக்கு வந்து நான் கார் ஓடப் பழகினேனே தவிர, சைக்கிளைத் தொட்டது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போன காலத்தோடு சரி. ஆனாலும் ஏறியதும் ஓடத்தான் செய்தேன். உடம்பு எதையும் மறக்கவில்லை என்று எனக்கு அன்று காலையில் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

முர்ட்டன் ஏரியைத் தாண்டினால் வெறும் சமதரை. இரண்டு பக்கமும் கோவா, லீக்ஸ், வெங்காயம் என்று மரக்கறித் தோட்டங்கள். மத்தியானம் ஒரு கிராமத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து, கொண்டுபோன இடியப்பத்தையும் சம்பலையும் சாப்பிட்டோம். சாப்பாட்டோடு கதை ஊருக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் ரோட்டை அடைத்துக்கொண்டு சைக்கிளில் வந்தது, பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்துக் களைத்துப்போனது என்று ஒரே சிரிப்பு. சிரித்த வாயோடு ஏறி மிதித்தோம். மகள் மட்டும் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பிக்கொண்டு பின்னால் நின்றாள்.

கொஞ்சத் தூரம் போயிருப்போம். ரோட்டின் மற்றப் பக்கத்தால் அவள் வேகமாக வந்தாள். "அம்மா, இஞ்சால வாங்கோ! எல்லாரும் இஞ்சால வாங்கோ!" என்று கத்தினாள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "உனக்கென்ன விசரே? ஏன் அந்தப் பக்கத்தால வாறாய்? நீ இஞ்சால வா!" என்று நானும் கத்தினேன். அண்ணையும் திரும்பிப் பார்த்து, "பிள்ளை, பக்கம் மாறி வாறாய்" என்றார்.

இலங்கையில் வாகனம் இடப்பக்கத்தால் போகும், இங்கே வலப்பக்கத்தால். தினமும் காரை வலப்பக்கத்தால் ஓடுகிற நாங்கள் ஐந்து பேரும் சாப்பிட்டு ஏறியதிலிருந்து சைக்கிளில் இடப்பக்கத்தைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. சரியாக வந்தவள் ஒருத்திதான், அவளைத்தான் திருத்தினோம்.

அந்த இடத்தில் ரோட்டு வளைந்தது. ஆள் உயரத்துக்கு மேல் நின்ற சோளம் வளைவை மறைத்திருந்தது. அதற்குள்ளிருந்து, பின்னால் சுமைப்பெட்டி இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர் நேரே எங்களை நோக்கி வந்தது. ஐயோ என்று சொல்லக்கூட நேரமில்லை. டிராக்டரின் முன்பக்கம் மகள் நின்ற பக்கமாகத் திரும்பியதை நான் கண்ணால் கண்டேன். பிறகு அது மறுபடி வெட்டித் திரும்பி, சோளத்தை முறித்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கி நின்றது. இழுத்துவந்த பெட்டி ஒரு பக்கம் சரிந்து, ஒருவாறு நிமிர்ந்தது.

டிராக்டரிலிருந்து இறங்கி ஓடிவந்தவர் நடுத்தர வயதுக்காரர். முகம் வெளுத்திருந்தது. ஆனால் ஏசவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "இங்கிலாந்திலிருந்து வந்தீர்களா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"இல்லை, பூம்ப்ளிஸ்" என்றார் அண்ணை.

இங்கிலாந்திலும் இடப்பக்கம்தானே. வேறு நேரமென்றால் வயிறு நோகச் சிரித்திருப்போம். அந்த மனிதர் மகளைக் கைகாட்டி மெல்லச் சொன்னார். எங்களைக் கண்டதும் அவர் தன்னையறியாமல் மற்றப் பக்கம்தான் திருப்பினாராம். அங்கே இவள் நின்றதைக் கண்டபிறகுதான் தோட்டத்துக்குள் விட்டாராம். "கொஞ்சம் பிந்திக் கண்டிருந்தால்..." என்று இழுத்தவர், டிராக்டரைப் பார்க்கப் போய்விட்டார்.

பிழை விட்ட ஐந்து பேரைக் காப்பாற்றப்போய் அவர் அடித்திருக்கக்கூடிய ஆள், ஒழுங்காக வந்த என் பிள்ளை. அவளுக்கு அது விளங்கியதோ தெரியாது. என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, தண்ணி குடியுங்கோ" என்று போத்தலை நீட்டினாள்.

நொஷாட்டல்வரை அவளை முன்னால் விட்டு, ஒருவர் பின் ஒருவராகப் போனோம்.

இப்போதும் வீட்டில் அவள் எதையாவது பிழை என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் "நீ இஞ்சால வா" என்று சொல்ல வாயெடுக்கும்போது, நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.