ஷாரோனும் காணாமல் போகிற ஃபோல்டரும்

பென்னலூர் ஷாரோனைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவள் வீட்டு ஃபேன் ஓடாது, ஆனால் ஒரகடத்தில் பாதிக் கம்பெனிக்கு நெட் அவள் கையால்தான் ஓடுகிறது என்பார்கள். இதில் பாதி பொய். ஃபேன் ஓடாதது மட்டும் நிஜம். தண்டலத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு ஸ்கூட்டியில் லேப்டாப்போடு கம்பெனி கம்பெனியாகச் சுற்றுகிறவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபம் முடிவதற்குள் யாராவது வைஃபை பாஸ்வேர்டு கேட்டுவிடுவார்கள். "கர்த்தர் கிட்ட கேளுங்க, அவருக்குத்தான் மறைவானதெல்லாம் தெரியும்" என்று கண்ணை மூடிக்கொள்வாள்.

அப்படிப்பட்ட வாய்க்காரியை ஒரு வெள்ளிக்கிழமை வாயடைக்க வைத்தது வடக்குப்பட்டில் இருக்கும் ஒரு உதிரிபாகக் கம்பெனி.

அங்கே அப்பாவு என்பவர் ஒரு கம்ப்யூட்டர் லேத் ஓட்டுகிறார். எந்த இடத்தில் எவ்வளவு இரும்பைச் சீவ வேண்டும் என்கிற கணக்கெல்லாம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இரண்டாவது யூனிட்டில் ஒரு சர்வரில் இருக்கிறது. மெஷின் அந்த ஃபோல்டரைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டே சீவும். கொஞ்ச நாளாக அந்த ஃபோல்டர் நடுவில் காணாமல் போகிறது. கொஞ்ச நேரத்தில் தானே திரும்பி வருகிறது. ஆபீஸ்காரர்களுக்கு அது டீ குடிக்க ஒரு சாக்கு. அப்பாவுக்கு அப்படியில்லை. மெஷின் பாதியில் நின்றால் இரும்பில் ஒரு தழும்பு விழும், பீஸ் ஸ்கிராப்புக்குப் போகும்.

புரொடக்ஷன் மேனேஜர் வனமாமலை நாங்குநேரிப் பக்கத்துக்காரர். ஷாரோன் உள்ளே வந்ததுமே பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒண்ணு சொல்லு. கோளாறு நெட்ல இருக்கா, அவரு கையில இருக்கா? ஸ்கிராப்பு மலை மாதிரி கெடக்கு. இன்னைக்குத் தெரியலன்னா திங்கக்கிழமைல இருந்து அப்பாவு பேக்கிங்குக்குப் போவாரு. எனக்கு மேல இருக்கவன் கேக்கான்லா."

அவர் போனதும் அப்பாவு மெதுவாகச் சொன்னார். "பேக்கிங்குன்னா இன்னா, அட்டைப் பொட்டிக்கு டேப்பு ஒட்டறது. அதுக்கு நா எதுக்குமா?"

"டேப்பும் நேரா ஒட்டணும்ல அண்ணா."

"உனுக்கு நக்கலு. எனுக்கு இது பொயப்பு."

ஷாரோனுக்குச் சுருக்கென்றது. வேலையைப் பார்த்தாள். கேபிளை மாற்றினாள். அப்புறம் ஃபயர்வாலைத் திறந்தாள். அது இரண்டு யூனிட்டுக்கும் நடுவே நிற்கும் வாட்ச்மேன். ரொம்ப நேரம் பேச்சுமூச்சில்லை என்றால் ஆள் போய்விட்டான் என்று கதவைச் சாத்திவிடுவான். அவனிடம் இன்னும் கொஞ்சம் பொறு என்று எழுதிவைத்தாள். மெஷின் ஓடியது. அப்பாவு சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் மெஷின் நின்றது. தழும்பு விழுந்தது.

"இன்னாமா, உன் வாட்ச்மேன் தூங்கிட்டானா?"

அதுதான் விசித்திரம். ஃபயர்வாலோ, நான் ஒரு நிமிடம்கூடக் கண்ணயரவில்லை என்று சத்தியம் செய்தது. அப்படியென்றால் பதில் சொல்லாமல் போனது யார்? ஷாரோன் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். லேப்டாப்பைக் கொண்டு ஃபயர்வாலின் முகவரியை விடாமல் கூப்பிடச் செய்தாள். பதில் வந்துகொண்டே இருந்தது. பதில் சொல்வது யார் என்றும் பார்த்தாள். முகவரி என்பது வாடகை வீடு மாதிரி, யாரும் குடி வரலாம். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் பிறவியிலேயே ஓர் எண் உண்டு. உடம்பு மச்சம் மாதிரி.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மச்சம் மாறியது.

ஷாரோன் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள். ஒரே கதவு எண்ணில் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள்! "இந்த வீட்டில் யார்?" என்று மெஷின் கேட்கும்போதெல்லாம் இருவரும் "நான்தான்" என்கிறார்கள். ஃபயர்வால் பேச்சை நம்பினால் சேதி ரோட்டைத் தாண்டுகிறது. மற்றவன் பேச்சை நம்பினால் அங்கேயே மாயம். அவனுக்குப் பின்னால் வழியே கிடையாது.

அவன் எந்த ஓட்டையிலிருந்து பேசுகிறான் என்பதை, எல்லா கேபிளும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி காட்டிக்கொடுத்தது. அந்த கேபிளைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தபடியே நடந்தாள். அது கூரையோரமாக ஓடி டூல் ரூமுக்குள் இறங்கி, அலமாரி மேல் முருகர் படத்துக்குப் பின்னால் போய் நின்றது. படத்தை நகர்த்தினாள்.

ஒரு பழைய ரவுட்டர். நெற்றியில் சந்தனம், குங்குமம். கழுத்தில் காய்ந்த சாமந்தி மாலை. பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணா... யாருண்ணா இவரு?"

பின்னாலேயே வந்த அப்பாவு மாலையைச் சரிசெய்தார்.

"புது பொட்டி வந்ததும் இத கயட்டி இங்க போட்டாங்கமா. ஆயித பூஜைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சோம். ஓடாத சாமானுக்கு பொட்டு வெக்கக் கூடாதுன்றது இங்க பயக்கம். இத்தினி வருசம் ஒயச்சிது, இத மட்டும் வுட்டுட முடியுமா? கரண்டு குடுத்தேன். லைட்டு சும்மா மொறச்சிகினு கீது. செவுத்துல இருந்த வயர சொருவனேன். பட்டுனு கண்ணு சிமிட்டிச்சி. அப்பால புடுங்க மனசு வரல."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. எல்லா மெஷினிலும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம் என்று, புது ஃபயர்வாலுக்கு இந்தப் பழைய ரவுட்டரின் முகவரியையே கொடுத்திருந்தார்கள். வேலையை விட்டுத் தூக்கிவிட்டதை இதனிடம் யாரும் சொல்லவில்லை. அதுபாட்டுக்குப் பூமாலையோடு இருட்டில் உட்கார்ந்து, கூப்பிட்ட குரலுக்கெல்லாம் "இதோ இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

வனமாமலை வாசலில் வந்து நின்றார். ஷாரோன் வாய் திறப்பதற்குள் அப்பாவு முன்னால் போனார். "நான்தான் சார் சொருவனேன்."

ஷாரோன் அவசரமாக விஷயத்தைச் சொன்னாள். "கோளாறு நெட்லதான் சார். அவரு மெஷின் ஓட்டினதுல ஒரு தப்பும் இல்ல."

வனமாமலை ரவுட்டரைப் பார்த்தார். முகம் என்னவோ போல ஆனது. "இதுக்குச் சூடம் காட்டுனது நான்லா. லைட்டு எரியுதேன்னு ரெண்டு சுத்து கூடவே சுத்துனேன்."



"புடுங்கிடட்டா?" என்றார் அப்பாவு. கை மட்டும் நீளவில்லை.

"வேணாம்ணா." ஷாரோன் லேப்டாப்பை அதில் மாட்டினாள். பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருந்தது. "நல்லவேளை, இங்க யாருக்கும் புத்தி வரல" என்று முணுமுணுத்துக்கொண்டே அதற்கு யாரும் கூப்பிடாத ஒரு தூரத்து முகவரியைக் கொடுத்தாள். "சிமிட்டிக்கினு கெடக்கட்டும். இனிமே யாருக்கும் குறுக்க வராது."

அப்பாவு, ஆயுத பூஜைக்குப் பிறகு ஒருமுறைகூட முடியாத மிக நீளமான வேலையைப் போட்டார். மெஷின் சீவத் தொடங்கியது. வெள்ளையாகக் கூலன்ட் கொட்டியது. லாரி உறுமுகிற ரோட்டுக்கு அடியிலிருந்து எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, வாட்ச்மேனைத் தாண்டி, கம்பி ஏறி, இங்கே இரும்பில் வளைவாக இறங்கிக்கொண்டிருந்தன. தினமும் பார்க்கிற வேலைதான். ஆனாலும் ஷாரோன் ஏதோ முதல்முறை கடலைப் பார்க்கிறவள் போல நின்றாள். வனமாமலையும் போனை எடுக்காமல் நின்றார்.

மெஷின் தானாக ஓய்ந்தது. அப்பாவு பீஸை எடுத்துத் துணியால் துடைத்தார். கட்டைவிரலால் சுற்றிலும் தடவினார். வழவழவென்றிருந்தது.

"திங்கக்கிழமை மொத ஷிப்ட்டுக்கு வாரும்" என்றார் வனமாமலை.

"எங்க சார்?"

"இந்த மெஷினுக்குத்தாம்வே. வேற எங்க?"

அப்பாவு அடுத்த இரும்பை மாட்டி இறுக்கத் தொடங்கியிருந்தார்.