சாராய வாடையைத் தேடியவள்

குருவிநத்தம் சகாயராணிக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. புருஷன் வீரப்பன் தெருமுனையில் திரும்பும்போதே, உள்ளே எத்தனை கிளாஸ் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பன்னிரண்டு வருஷம் அந்த வாடையோடு குடித்தனம் நடத்தியவள் ஆயிற்றே! கடைசியில் ஈரல் கெட்டு, வயிறு பானையாக வீங்கி அவன் போய்ச் சேர்ந்தான். கல்லறையிலிருந்து திரும்பிய கையோடு, ஒரே மகன் எழிலரசன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். இவனைச் சாராயக்கடைக்குக் கொடுக்க மாட்டேன் என்றாள். அப்போது அவனுக்குப் பதினோரு வயது.

அன்றிலிருந்து, பையன் எங்கே போய்விட்டு வந்தாலும் வாசற்படியிலேயே நிறுத்திவிடுவாள்.

"வூதுடா."

"யம்மா, தெருவே பாக்குதும்மா."

"பாக்கட்டும். வூது."

முகர்ந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாள். எதிர்வீட்டு லில்லி, "போலீசு கூட மெஷின் வெச்சி இப்டி புடிக்க மாட்டான்டி" என்று கேலி செய்வாள். சகாயராணிக்கு அதில் பெருமைதான். பகலெல்லாம் அட்டைப்பெட்டி கம்பெனியில் நின்றபடி வேலை செய்து கால் வீங்கினாலும், சாயங்காலம் இந்த ஒரு மூச்சை முகர்ந்துவிட்டால் போதும், அவளுக்கு நிம்மதி வந்துவிடும்.

எழில் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் மூச்சு இனிப்பாக வந்தது. ரோஜாவும் ஏலக்காயும் கலந்த மாதிரி ஒரு வாசனை.

"இன்னாடா இது?"

"பாக்கும்மா. பசங்க குடுத்தானுங்க."

அட, பாக்குதானா! பாக்கு இல்லாமல் எந்த நல்ல காரியம் நடக்கிறது? நடவு வேலைக்குப் போன காலத்தில் அவளே ஒரு துண்டை வாயில் அடக்கிப் பசியை ஓட்டியவள்தானே. பெருமூச்சு விட்டு, வழி விட்டாள். அந்தப் பெருமூச்சை நினைத்து நினைத்து இன்று தலையில் அடித்துக்கொள்கிறாள். அது வெறும் பாக்கு இல்லை. பாக்கையும் புகையிலையையும் தூளாக்கி வாசனை சேர்த்து, விரல்நுனி அளவு பையில் அடைத்த சரக்கு. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டு வாத்தியார் எதிரிலேயே பாடம் கேட்கலாம். தடை செய்த சரக்காம்! பள்ளிக்கூடம் போகிற வழியில் கேட்டவனுக்கெல்லாம் கிடைத்த சரக்குக்குப் பேர் தடையாம்!

இரண்டு வருஷம் தினமும் அந்த வாசனையை முகர்ந்தாள். தினமும் நிம்மதியாகத் தூங்கினாள்.

மாதா கோயில் திருவிழா அன்று கோழிக்குழம்பு வைத்தாள். பையன் குழம்பை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைப் பருக்கை பருக்கையாகத் தின்றான். "எரியுதும்மா" என்றான். வயிற்றுப் புண் என்று நினைத்து, மோரில் பிசைந்து பெரிய உருண்டையாக உருட்டித் தானே ஊட்டப் போனாள். உருண்டை பல்லில் இடித்துச் சிதறியது.

"தொறடா வாய."

"தொறந்துதாம்மா இருக்கேன்."

பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மூன்று விரலை அடுக்கி வாயில் வைக்கச் சொன்னாள். ஒன்றரை விரல்தான் போயிற்று. "எத்தனை வருஷமா போடற?" என்று கேட்டதும் எழில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"கன்னத்துக்குள்ள சதை நாராட்டம் இறுகிடுச்சி. இன்னிக்கே விட்டா இதோட நிறுத்தலாம். விடலன்னா வாய் பூட்டிக்கும். புத்துநோய் வரைக்கும் போகலாம்."

"அவன் குடிக்கவே இல்லையே டாக்டரம்மா! டெய்லி மோந்து பாத்தேனே!" என்று சகாயராணி அலறியதை வராண்டாவில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

மாத்திரை கொடுத்தார்கள். வாய் விரிவதற்காக ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்துப் பழகவும் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியைக் கூட்ட வேண்டும். சகாயராணி தவளக்குப்பம் கடையில் ஒரு கட்டு வாங்கி வந்தாள். முதலில் பன்னிரண்டு குச்சி போயிற்று. மூன்றாம் வாரம் பதிமூன்று! ஓடிப்போய் லில்லியைக் கூட்டிவந்து காட்டினாள்.

எழிலும் முயற்சி செய்யாமல் இல்லை. ஒன்பது நாள் தொடாமல் இருந்தான். தலை வெடித்தது, தூக்கம் வரவில்லை, எரிந்து எரிந்து விழுந்தான். பத்தாம் நாள் சுவரில் முட்டிக்கொண்டு, "முடியலம்மா" என்று அழுதான். பதினாறு வயசுப் பிள்ளை அப்படி அழுவதை எந்தத் தாய் பார்த்துத் தாங்குவாள்? பிறகு குச்சி பதினொன்றாயிற்று, ஒன்பதாயிற்று. பேச்சு குழறியது, வகுப்பில் சிரித்தார்கள், பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான். நேற்று வைத்துப் பார்த்ததில் ஏழு.

இன்று சாயங்காலம் தெருவில் வந்துகொண்டிருந்தான். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தாள். பழகிய வாய் கேட்டுவிட்டது.

"வூதுடா."

தெரு பார்க்கிறது என்று அவன் சொல்லவில்லை. பல்லிடுக்கு வழியாக ஊதினான். ரோஜா, ஏலக்காய். சோற்று உருண்டை நுழையாத வாயில் அந்தப் பை மட்டும் நுழைந்திருந்தது.

சகாயராணி நகர்ந்து வழி விட்டாள். கஞ்சியை இன்னும் கொஞ்சம் தண்ணியாகக் கரைக்க அடுப்படிக்குப் போனாள்.