அவர் தராத டிக்கெட்

திருநெல்வேலி ஜங்ஷன் வாசலில், வண்டியிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் டிக்கெட்டை வாங்கிப் போடுவது என் வேலை. மாதம் ஒருமுறை மெட்ராஸ் வண்டியில் வரும் அந்த மனிதர் மட்டும் டிக்கெட்டைத் தரவே மாட்டார். மகளைப் பார்க்க வந்ததற்குச் சாட்சியாகக் கோர்ட்டில் காட்டுவாராம். சட்டைப் பையில் பழைய டிக்கெட்டுகள் ஒரு கட்டாக இருக்கும். விவாகரத்தான மனைவி, கோர்ட் உத்தரவுப்படி காலை ஒன்பது மணிவரை மகளோடு வெளியே அவருக்காகக் காத்து நிற்பாள்.

ஒருநாள் வண்டி தாமதம். ஒன்பதுக்கு ஐந்து நிமிடமே இருந்தது.

“வண்டி லேட்டுன்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போடும்வே” என்று டிக்கெட்டை நீட்டினார்.

“அங்கன பிள்ள நிக்குதுல்லா, மொதல்ல போயிப் பாரும்.”

“எழுதும்வே!” என்று வழிமறித்து நின்றார்.

எரிச்சலில் கிறுக்கிக் கொடுப்பதற்குள் ஒன்பதாகிவிட்டது. அவள் மகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

அவர் டிக்கெட்டை ஊதி மையைக் காயவைத்தார். “இது போதும்வே. கோர்ட்டுல அவள ஒரு கை பாத்துருதேன்.”

ஆட்டோவிலிருந்து பிள்ளை கையை ஆட்டியது. பதிலுக்கு நான்தான் ஆட்டினேன்.