அம்மாவின் கால் மைல்

அம்மாவின் கையில் மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. அடுப்புக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் இல்லை. கிரீஸும் இரும்புத்தூளும் கலந்து, எத்தனை முறை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத மண்ணெண்ணெய். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அம்மா, "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி" என்று ஞாயிற்றுக்கிழமைகளில்கூடக் கிளம்பிப் போய்ச் சாயங்காலம் திரும்பும்போது, தலையிலிருந்த மல்லிகையையும் மீறி அந்த வாசனை வரும். கோப்பு பார்க்கிறவளுக்கு மண்ணெண்ணெய் எதற்கு? பதினோரு வயதிலேயே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. மளிகைக் கடையில் தராசின் அடித்தட்டைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவேன். அப்பா பேருந்து ஓட்டுநர், இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். அவருடைய அக்கா, என் அத்தை, எதிர்வீட்டில் இருந்தபடி எங்கள் வாசலைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடம் மண்ணெண்ணெய் விஷயத்தைச் சொன்னபோது, "நெருப்பில்லாம பொகையாதுடி" என்று மட்டும் சொல்லிவிட்டு முருங்கைக்கீரை ஆய்வதைத் தொடர்ந்தாள். அது போதாதா எனக்கு! என் பழைய பல் துலக்கும் பிரஷ் காணாமல் போனது, அம்மாவின் வலது கணுக்காலில் ஒரு நீலக் காயம் வந்தது, "படியில வழுக்கிட்டேன்" என்று அவள் சொன்னது எல்லாவற்றையும் மனதில் கோத்து வைத்தேன்.

நடந்தது என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் அப்பா அடி அண்ணாமலையில் மாட்டுக்கொட்டகையோரம் ஓர் இங்கிலாந்து மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுச் செத்துப்போனார். அம்மா பதினாறு வயதில் ஓட்டிப் பழகிய வண்டி அது. "பொம்பளைக்கு எதுக்கு இந்தப் பொணம் கனக்கற வண்டி, பழைய இரும்புக்குப் போட்டுடு" என்று அப்பா சொல்ல, போட்டுவிட்டேன் என்று அம்மா பொய் சொல்லிவிட்டு, செங்கம் சாலையில் லேத்துப் பட்டறை வைத்திருந்த பாயிடம் அதைக் கொண்டுபோய் விட்டிருந்தாள். அந்த வண்டியின் போல்ட், நட்டு மரைகள் எல்லாம் வேறு கணக்கு, நம்மூர் ஸ்பேனர் ஒன்றும் அதில் உட்காராது. பாய் ஸ்பேனரையும் செய்து, ஒடிந்த போல்ட்டையும் கடைந்து, வேறொரு வண்டியின் பிஸ்டனை இழைத்து இழைத்து அதில் இறக்கினார். என் பிரஷ்ஷால் கார்புரேட்டரைத் துலக்கியது அம்மா. தீப்பொறி நேரத்தைத் தள்ளிவைக்கும் சின்ன நெம்புகோலை மறந்துவிட்டு உதைத்தால் அந்த வண்டி திருப்பி உதைக்குமாம். கணுக்கால் காயம் அப்படி வந்தது.

எல்லாம் ஒரு பந்தயத்துக்காக. பெங்களூர், மெட்ராஸ் பக்கத்துப் பழைய வண்டிக்காரர்கள் சேர்ந்து, செங்கம் பக்கம் போட்டு முடித்து இன்னும் திறக்காத ஒரு புறவழிச்சாலையில் கால் மைல் ஓட்டம் வைத்திருந்தார்கள். இரண்டிரண்டு வண்டியாக, நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். எடையைக் குறைக்க மட்கார்டு, விளக்கு, ஸ்டாண்டு என்று கழற்றிப் போட்ட பாய்க்கு, நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள அம்மா வரப்பிரசாதம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் தனக்கென்று ஆசைப்பட்டது அந்தக் கால் மைல் ஒன்றுதான்.

இது ஒன்றும் தெரியாத நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் அவள் பின்னாலேயே போனேன். பட்டறையின் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. வெளியே அம்மாவின் செருப்பு. உள்ளே லேத் நின்றதும் பாயின் குரல் கேட்டது: "அடுத்த ஞாயித்துக்கெழம காலைல கெளம்பிடலாம் தங்கச்சி. வூட்ல தெரியாம வந்துடு."

மறுநாள் அப்பா வந்ததும் அவரிடம் ஒப்பித்தேன். செருப்பு, ஷட்டர், மண்ணெண்ணெய், பாய் சொன்ன வாக்கியம் ஒன்றும் விடவில்லை. 'தங்கச்சி' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். மறந்துபோனேனா, இருந்தால் கதை சப்பென்று போய்விடும் என்று விட்டேனா, இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அப்பா தட்டிலிருந்த சோற்றில் அப்படியே கை கழுவினார். அந்த வாரம் முழுக்க அம்மாவோடு அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவளும் தூக்கம் போதாத அலுப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, டூட்டிக்குப் போகிறேன் என்று கிளம்பிய அப்பா தெருமுனையில் காத்திருந்து என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். பட்டறையிலிருந்து தார்ப்பாய் போர்த்திய டெம்போ ஒன்று கிளம்ப, அதன் பின்னாலேயே போனோம். புறவழிச்சாலையில் கயிறு கட்டி, கூட்டம் நின்றது. டெம்போவிலிருந்து முதலில் இறங்கியது பாயின் மனைவி, கையில் டீ பிளாஸ்கோடு. அவர் பின்னால் இறங்கினாள் அம்மா. சுடிதார், பாயின் மகனுடைய கேன்வாஸ் ஷூ, தலையில் ஒரு ஹெல்மெட். அப்பாவின் கை என் தோளில் கனத்துக்கொண்டே போனது.

அம்மா ஓட்டியதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அந்த வண்டிக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதே மாதிரி வண்டியில் அவளோடு நின்ற பெங்களூர்க்காரர் பழக்கதோஷத்தில் கியருக்கென்று இடது காலை மிதிக்க, பிரேக் பிடித்து அவர் வண்டி குலுங்கியது. அம்மா டேங்க்கோடு ஒட்டிப் படுத்தாள், அவ்வளவுதான். வெடிச்சத்தம் காதைவிட்டுப் போவதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டாள். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவள் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. ஐயோ, எவ்வளவு அழகாக இருந்தாள்! இன்னும் ஒரு ஓட்டம்தான், அதுதான் கடைசிச் சுற்று என்று யாரோ ஒலிபெருக்கியில் கத்தினார்கள்.

அப்போதுதான் எங்களைப் பார்த்தாள். வண்டியை மறைத்ததற்கு அப்பா திட்டப் போகிறார் என்றுதான் முதலில் பயந்தாள் போல. "நீங்க எப்படி இங்க?" என்றாள்.

"பாப்பா சொன்னா."

"என்னான்னு சொன்னா?"

அப்பா வண்டியைப் பார்த்தார், பாயின் மனைவி நீட்டிய டீயைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். அதிலேயே அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. யாரோ பழக்கமில்லாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"இதோட போதும் பாய்" என்று ஹெல்மெட்டை நீட்டினாள். கடைசிச் சுற்று இருக்கிறது, ஓட்டு என்று அப்பாவே இரண்டு முறை கெஞ்சினார். பாயும் சொல்லிப் பார்த்தார். அவள் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வண்டியைப் பாயே பிறகு யாரிடமோ கொடுத்தார்; அது எங்கே போனது என்று அம்மா கேட்கவேயில்லை.

அந்தப் புறவழிச்சாலையில் இன்று லாரிகள் போகின்றன. பட்டறை இருந்த இடத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறார்கள். அப்பா இல்லை, அத்தையும் இல்லை. அம்மா வேங்கிக்காலில் என்னோடுதான் இருக்கிறாள், அறுபது தாண்டிவிட்டது. நேற்று தெருமுனைக் கடைக்குக் கிளம்பியவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "கொத்தமல்லி வாங்கப் போறேன். கூட யாரும் வரல. பத்து நிமிஷத்துல வந்துடுவேன்." இருபத்தைந்து வருஷமாக, கோயிலுக்கானாலும் ஆஸ்பத்திரிக்கானாலும், இப்படித்தான்.

"நான் ஒன்னும் கேக்கலையேம்மா" என்றேன்.

"அன்னிக்கும் நீ எங்க கேட்ட?" என்று சொல்லிவிட்டு, படியிறங்கிப் போனாள்.