எனக்குப் பதிலாக ஒரு சுழல்பலகை

மண்ணெண்ணெயில் ஊறிய துணியின் வாசனைதான் முதலில் வரும், அதன் பின்னால் தார்ப்பாயின் வாசனை. அறுவடை நெருங்கினால், நெல் மூடத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கும் திருக்காட்டுப்பள்ளிக் கடைகளின் கனத்த தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக "மக்கர்" பண்ணி எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேரும். அப்பா சிங்கப்பூருக்குப் போன பிறகு, அவரிடம் பார்த்துப் பழகிய ரிப்பேர் வேலையை அம்மாதான் செய்துகொண்டிருந்தாள்.

மேசையில் படுக்கவைத்த மிஷினை ஓர் ஆளால் திருப்ப முடியாது. அந்தப் பக்கம் நான் நிற்பேன். "பிடி, பிடி. விட்டுறாதடா, என் கால்ல விழுந்துச்சுன்னா உனக்குச் சோறாக்க ஆள் கெடையாது" என்பாள். அப்பாவின் போன், அவளுடைய கால்வலி, பக்கத்து வீட்டுச் சண்டை என்று எங்கள் வீட்டில் பேச்சு நடந்ததே அப்படி இரும்பை நடுவில் வைத்துக்கொண்டுதான்.

எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் எட்டாத பத்தாம் வகுப்புக்கு நான் வந்திருந்தேன். மிஷின் பிடித்துவிட்டுப் போவதில் காலை வகுப்பு தவறிக்கொண்டே இருக்க, பரீட்சை எழுத விடுவதே சந்தேகம் என்று வாத்தியார் சொல்லியனுப்பினார். நான் பிடிக்காமலே மிஷினைத் திருப்ப அம்மா ஒரு வழி யோசித்தாள். மறுநாள் காயலான் கடையிலிருந்து கார் சக்கரத்தின் "ஹப்" ஒன்றைத் தூக்கி வந்தாள். அதைத் தடித்த பலகையில் போல்ட் போட்டு நிறுத்தி, கழற்றிப் போட்டிருந்த கொல்லைக் கதவை வட்டமாக அறுத்து மேலே பொருத்தி, பேரிங் நிறைய கிரீஸ் அப்பினோம். விரல் பட்டாலே சுற்றியது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதை மேசைமேல் வைத்து மிஷினை ஏற்றி, அம்மா ஸ்குரூ டிரைவரை அழுத்தியதுதான் தாமதம், மொத்தமும் கிறுகிறுவென்று சுற்றி வந்து அவள் முழங்கையில் இடித்தது. ரிப்பேருக்கு மிஷின் கொண்டு வந்திருந்த தார்ப்பாய்க் கடைக்கார பாய் சிரித்துவிட்டார்.

"என்னக்கா, ரிப்பேர் பலகைன்னு பாத்தா ராட்டினம் போட்டு வச்சிருக்கீங்க!"

"மொத டிக்கெட்டு உங்களுக்குத்தான் பாய், ஏறி உக்காருங்க" என்றாள் அம்மா, முழங்கையைத் தேய்த்துக்கொண்டே.

பிறகு அதே கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வட்டப்பலகையின் ஓரத்தில் நெட்டுக்குத்தாக அடித்தாள். அடிப்பலகையில் சுற்றிலும் துளை போட்டாள். தாழ்ப்பாளைத் தூக்கினால் பலகை சுற்றும், இறக்கினால் "டக்" என்று நிற்கும். மிஷினை ஏற்றுவதும் இறக்குவதும் கடை ஆட்கள் பாடு.

அன்றிலிருந்து ஒரு வகுப்பும் தவறவில்லை. அந்த வாரமே ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, மேசை சுவரோடு ஒட்டிக் கிடந்தது. "அந்தப் பக்கம் ஆள் நிக்க வேணாமில்ல, அதான் தள்ளிப்போட்டேன். நீ போய்ப் படி" என்றாள். உள்ளறையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு அந்த "டக்" சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். தேர்ச்சி பெற்றேன். தஞ்சாவூர் விடுதி, பிறகு சென்னையில் வேலை.

இந்தப் பொங்கலுக்குப் போனபோதும் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். "பிடிக்கவாம்மா?" என்றேன். "எதுக்கு, அதான் இது இருக்குதே" என்று தாழ்ப்பாளைத் தூக்கினாள். அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் கதைகளைச் சொன்னேன். திரும்பாமலே "ம்" கொட்டினாள். எந்த இடத்தில் சிரித்தாள் என்பதை அவள் தோள் குலுங்குவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.