தோற்கப் போன டீச்சரும் வெள்ளைப் பூசணியும்

ஃபான் சுமெய் பாடம் எடுத்தால் சுவரும் காது கொடுக்கும் என்று அந்த மலையோர ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதுதான் அவளுக்கு வந்த வினை.

இரண்டாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். கணவன் வெய்காங்கும் ஆறு வயது மகளும் சாங்ஷா நகரத்தில். இவள் மட்டும் பள்ளி விடுதியில் ஒற்றை அறையில் அடைந்து கிடந்தாள். மாற்றலுக்கு ஹெட்மாஸ்டர் லூ கையெழுத்துப் போட வேண்டும். "மாதிரிப் பாடப் போட்டியில ஜெயிச்சுக் குடு, மறுநாளே போடுறேன்" என்றார். போன வருஷமும் அதையேதான் சொன்னார். ஜெயித்துக் கொடுத்தாள். "இவ்ளோ நல்ல டீச்சர எப்படிம்மா அனுப்புறது?" என்று பேனாவை மூடிவிட்டார்.

பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காமல், சொந்தக் கையை ஊன்றி நாலு கடை போட்டு நிமிர்ந்த எவனையாவது கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பான்: நன்றாக உழைக்கிற ஆளை எந்த முதலாளியும் வெளியே விடமாட்டான். கதவு திறப்பதெல்லாம் உதவாக்கரைக்குத்தான். ஃபான் படித்தவள், அவளுக்கு இது புரிய ஒரு வருஷம் பிடித்தது. புரிந்ததும் முடிவெடுத்தாள். இந்த முறை தோற்றுவிடுவது.

பாடம், எது மிதக்கும் எது மூழ்கும் என்பது. சுவரளவு தொடுதிரையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. பிள்ளைகள் படத்தை விரலால் இழுத்து அதில் போட வேண்டும். சரியென்றால் பூமாரி பொழிந்து கைதட்டும். தப்பென்றால் சிவப்புக் கோடு விழுந்து தவளை கத்தும். வாரக் கணக்கில் ஒத்திகை நடந்து, பிள்ளைகள் தூக்கத்திலும் சரியாகச் சொல்லும் நிலைக்கு வந்திருந்தார்கள். இன்னொரு ஏற்பாடும் உண்டு. விடை தெரிந்தவன் வலது கையைத் தூக்குவான், தெரியாதவன் இடது கையை. டீச்சர் வலது கையை மட்டும் கூப்பிடுவாள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நடுவர்களுக்கு எல்லாக் கையும் மேலே தெரியும். அந்தப் பக்கத்தில் இதை யாரும் ஏமாற்று என்று நினைப்பதில்லை. விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குவது போலத்தான்.

போட்டியன்று திரையில் வெள்ளைப் பூசணி வந்தது. கைகள் எழும்பின. ஃபான் தேடிப் பிடித்து ஒரு இடது கையைக் கூப்பிட்டாள். காய்கறிக்காரி மகள் யீதோங். பொன்னுக்குவீங்கி வந்து ஒத்திகைக்கே வராதவள், அதனால் இடது கையைத்தான் தூக்கச் சொல்லியிருந்தார்கள். வாசலில் நின்ற லூவின் முகம் செத்துப்போனது.

"முங்கிடும் டீச்சர்" என்று படத்தை அடியில் கொண்டுபோய் வைத்தாள் யீதோங். தவளை கத்தியது. வகுப்பே சிரித்தது.

"ஏய், தவளை உன்னத்தான் திட்டுது!" என்றான் வகுப்புத் தலைவன்.

"தவளைக்கு என்னடா தெரியும்? எங்கம்மா கடையில அத ரெண்டு பேர் சேந்து தூக்குவாங்க. உன் தவளை தூக்கிப் பாத்துச்சா?"

தோல்வி கைக்கு வந்துவிட்டது. 'உட்காரும்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாங்ஷாவுக்குப் பெட்டி கட்டலாம். ஆனால் அந்தப் பெண் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். ஃபானுக்குப் பொறுக்கவில்லை. திரையை அணைத்தாள்.

"நாலு பேரு சமையல்கட்டுக்குப் போங்க. முழுப் பூசணி ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

விடுதியில் துணி அலசும் தொட்டியைத் தூக்கிவந்து தண்ணீர் நிரப்பிப் பூசணியை இறக்கினார்கள். தொபுக்கென்று உள்ளே போனது. "பாத்தியா!" என்று யீதோங் கத்தி முடிக்குமுன் அது மேலே வந்து புரண்டு படுத்துக்கொண்டது. அவள் இரண்டு கையாலும் அமுக்கினாள். எழும்பியது. ஏறிப் படுத்து அமுக்கினாள். மறுபடி எழும்பியது.

"டீச்சர், உள்ள யாரோ உக்காந்து தள்ளுறாங்க!"

"உள்ள என்ன இருக்கும்? வெட்டிப் பாப்போமா?" என்றாள் ஃபான். தரையெல்லாம் தண்ணீர், பிள்ளைகளெல்லாம் கூச்சல். நடுவர்கள் எழுந்து நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எதற்காக வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

முதல் பரிசு. இப்படி இயல்பான பாடத்தைப் பார்த்ததே இல்லை என்றார்கள் நடுவர்கள்.

"தோத்தியா?" என்று போனில் கேட்டான் வெய்காங்.

"இல்ல."

"தோக்கறதுக்குக்கூட நீ லாயக்கில்லடி" என்றான். பின்னால் மகள், "அம்மா எப்ப வருது?" என்று கேட்பது காதில் விழுந்தது.

திங்கட்கிழமை லூ சிரித்த முகமாக வந்தார். "அடுத்து மாகாணப் போட்டி, ஃபான் டீச்சர். அதுக்கப்புறம் ஊர் ஊராப் போய் நடத்திக் காட்டணும். மாற்றல் பேச்ச மட்டும் எடுக்காத, எனக்கு நெஞ்சு வலி வந்துரும். பூசணிய முன்னாடியே மேசைக்கு அடியில வெச்சிடு. அந்தப் பொண்ணு அதே மாதிரி தப்பாச் சொல்லணும், தவளையத் திட்டணும். அதுதான் எடுபட்டுச்சு."

ஒத்திகை தொடங்கியது. படம் வருமுன்னே, "முங்கிடும் டீச்சர்" என்று ஒப்பித்தாள் யீதோங். பிறகு மெல்ல, "ஆனா அது மிதக்கும் டீச்சர். எனக்குத்தான் தெரியுமே" என்றாள்.

லூ வாசலில் நின்றார். ஃபான் அவளருகே குனிந்தாள்.

"தெரியும்மா. அவசரப்படாம, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்னுட்டு, அப்புறம் தப்பாச் சொல்லு."