கிறிஸ்துதாஸின் கோளாறு நோட்டு

மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு, கிறிஸ்துதாஸ் எழுதிக்கொண்டிருக்கிறார். கம்ப்யூட்டர் திரையின் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்து நிற்கிறது. அதில் உள்ளதை ஓர் எழுத்து விடாமல் நோட்டில் இறக்குகிறார். லைன் 48. கேர் 3. எரர்: ஆப்ஜெக்ட் எக்ஸ்பெக்டட். எட்டாவது வரைக்கும் படித்தவர். ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். கூட்டமாக வந்தால் அடையாளம் தெரியாது. அதனால் எழுதுவதில்லை, வரைகிறார். திரையில் இருக்கும் 'ஓ' எழுத்தைவிட அவர் நோட்டில் போடும் 'ஓ' உருண்டையாக இருக்கும்.

எழுதி முடித்த பிறகுதான் பெட்டியை மூடுவார். "சொல்ல வந்தத அது சொல்லி முடிக்கட்டும்யா. பாதியில வாயப் பொத்துனா அப்புறம் எங்கேந்து நமக்கு வேல செய்யும்?" என்பார்.

நோட்டில் நான்கு கட்டம். நேரம், இடம், கோளாறு, செய்தது. சுரங்கத்தில் ஷிப்ட் மாறும்போது எழுதிக் கொடுக்கிற நோட்டின் அதே கட்டங்கள். கன்வேயர் பெல்ட் பிரிவில் அவருக்கு இருபத்தெட்டு வருடம். பெல்ட் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி, குரல் இறங்குவதற்கான வழியே அடைத்துப்போனது. கோயிலில் பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியமாக மணி கேட்டால், பீடத்தில் நிற்கும் சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

பெல்ட் ஓரமாக ஒரு கயிறு ஓடும். ஆபத்து என்று யார் இழுத்தாலும் பெல்ட் நின்றுவிடும். நின்ற பெல்ட்டைச் சும்மா ஓட்டக்கூடாது. எந்த இடத்தில் கயிறு இழுபட்டது என்று நடந்தே போய்ப் பார்த்து, அதைச் சரிசெய்த பிறகுதான் ஓட்டவேண்டும். கிறிஸ்துதாஸுக்கு உலகத்தில் நின்றுபோகும் எல்லாமே அந்த பெல்ட்தான். தையல் மிஷின், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர், ஒருமுறை கல்யாண ஊர்வலம்கூட. "சும்மா நிக்காது. எங்கியோ எவனோ கயித்த இழுத்துருக்கான். நடந்து பாரு."

இன்னொரு பழக்கம், கரண்டைத் துண்டிக்காமல் எந்த இயந்திரத்திலும் கை வைக்கமாட்டார். கடிகாரத்தைக் கழற்றுவார், பிளக்கைப் பிடுங்குவார், 'ஆள் வேலை செய்கிறார்' என்று எழுதிய அட்டையை ஸ்விட்சில் தொங்கவிடுவார். மிக்ஸி ஜாரை மாற்றினாலும் அட்டை தொங்கும். "அடுப்புல வேகுறப்ப அந்த அட்டைய என் கழுத்துல மாட்டுங்க, புண்ணியமாப் போவும்" என்று மனைவி மார்த்தாள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

இப்படிப்பட்டவர் கம்ப்யூட்டரிடம் வந்து மாட்டியதற்கு ஒரே காரணம், அவர் தாத்தா ஆகிவிட்டார். மகள் எவாஞ்சலின் அயர்லாந்தில் நர்ஸ். ஐந்து வாரத்துக்கு முன்னால் பெண் குழந்தை. அன்றிலிருந்து கிறிஸ்துதாஸின் நாட்காட்டி மாறிவிட்டது. "எப்ப லீவு போட்டீங்க?" என்று ஆபீஸில் கேட்டால், "பாப்பாவுக்குப் பதினோரு நாளு ஆச்சே, அன்னிக்கு" என்பார். சுரங்கத்து டவுன்ஷிப்பின் இருபத்தொன்றாம் வட்டத்தில் அவர் குவார்ட்டர்ஸ் இருக்கும் தெருவில் குழந்தையின் எடை தெரியாத ஆள் கிடையாது. போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியும் ஆயிற்று. ஆனால் ஆசை அடங்கவில்லை. "போட்டோவுல அசைய மாட்டேங்குதே மார்த்தா" என்று ராத்திரி பகலாகப் புலம்பினார்.

அப்போதுதான் எவாஞ்சலின் சொன்னாள், அங்கே பங்குக் கோயிலின் வலைப்பக்கத்தில் ஞானஸ்நானம் நேரடியாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அங்கே பகல் பன்னிரண்டு, இங்கே மாலை நாலரை. பதிவுசெய்து வைப்பதெல்லாம் கிடையாது. பார்த்தால் அந்த நேரத்தில் பார்த்ததுதான்.

அவள் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் இரண்டு வருடமாகத் தலையணை உறை போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. கிறிஸ்துதாஸ் உறையை எடுத்தார், துடைத்தார், இணையம் வாங்கினார், மகள் சொன்ன பக்கத்தைத் திறந்தார். கோயில் பெயர் வந்தது. படம் வரவேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம். நடுவில் சாம்பல் பெட்டி. ஏழு நாள், நோட்டில் ஒன்பது பக்கம். மகள் போனில் சொன்னபடி தற்காலிகக் கோப்புகளை அழித்தார். பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்த டூல்பார் பட்டைகளை ஒன்றொன்றாக நிறுத்திப் பார்த்தார், பெல்ட்டைத் துண்டு துண்டாகச் சோதிக்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பிளக்கைப் பிடுங்கினார், அட்டையைத் தொங்கவிட்டார். பெட்டி அசையவில்லை.

ஞாயிறு வந்துவிட்டது. மே மாதம் பத்தொன்பது. கத்திரி வெயிலில் வட்டத்து வேப்பமரங்களே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. கிறிஸ்துதாஸ் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மார்த்தாள் பட்டுப்புடவையில், கேசரித் தட்டோடு. அடுத்த வீட்டு கோபாலகிருஷ்ணன், எலக்ட்ரிக்கல் பிரிவிலிருந்து ரிட்டயர் ஆனவர், அழைக்காமலே வந்து பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன தாஸு, பேத்தி வந்தாளா, பெட்டி வந்துச்சா?"

"பெட்டிதான். அதே நாப்பத்தெட்டு."

"பேசாம நீ அந்தப் பெட்டிக்கே ஞானஸ்நானம் குடுத்துரு. வாரம் பூரா அத தானே தூக்கி வச்சிகினு இருக்க."

"சிரிக்கிறது அப்பறம் இருக்கட்டும். நீங்க இங்கிலீஷ் தெரிஞ்சவரு. இதுல என்னதான் சொல்லுது? படிச்சிச் சொல்லுங்க."

ஒன்பது பக்கம் வரைந்திருந்தார், ஒருநாளும் யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை. கோபாலகிருஷ்ணன் நோட்டை வாங்கித் தூரப் பிடித்துப் படித்தார். "ஆப்ஜெக்ட்னா பொருள். ஏதோ ஒரு பொருள எதிர்பாத்துகினு இருக்குதாம். அது வரலியாம்."

கிறிஸ்துதாஸ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இத மொதல்லியே சொல்லக்கூடாதா! அப்ப பெல்ட்டு நல்லாத்தான் இருக்குது. வர வேண்டிய சரக்குதான் வரல. நடுவுல எவனோ மறிச்சி நிறுத்திட்டான்!"

எங்கே மறிக்கிறார்கள்? மறுபடி பிளக்கைப் பிடுங்கினார், அட்டை தொங்கியது. பின்பக்க வயர்களை ஒவ்வொன்றாகத் தடவி அழுத்தினார். பிளக்கைச் செருகி, கம்ப்யூட்டர் முக்கி முனகி எழுந்ததும் பக்கத்தைத் திறந்தார். பெட்டி. நோட்டை எடுத்தார். கடிகாரம் கழற்றி ஜன்னலில் கிடந்தது.

"மார்த்தா, மணி என்ன? கட்டத்துல எழுதணும்."

மார்த்தாள் திரையின் ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்தாள். "பன்னெண்டு நாலு."

"என்னது?"

"பன்னெண்டு நாலுன்னுதான் போட்டுருக்குது. அந்த ஊரு மணியா இது?"

கிறிஸ்துதாஸ் மவுஸை நகர்த்தி அந்த எண்ணின் மேல் நிறுத்தினார். சின்னதாக ஒரு மஞ்சள் சீட்டு எட்டிப் பார்த்தது. கோபாலகிருஷ்ணன் குனிந்து படித்தார். செவ்வாய்க்கிழமை, ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்து இரண்டு.

"அடப்பாவி, இதுல புது வருசம் பொறந்தே நாலு நிமிசந்தான் ஆவுது!" என்றாள் மார்த்தாள்.

அதே சமயம் அவள் கையிலிருந்த போன் அடித்தது. எவாஞ்சலின். ஸ்பீக்கரில் போட்டதும் கார் ஓடும் சத்தம். "அப்பா, கோயிலுக்குப் போய்கினு இருக்கோம். படம் வருதா?"

"எவா, கம்ப்யூட்டருக்குத் தேதி ரெண்டாயிரத்து ரெண்டுன்னு காட்டுதும்மா!"

அந்தப் பக்கம் ஒரு கூச்சல். "ஐயோ அப்பா, அதான்! உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கும், அது செத்துப்போயிருக்கும். பிளக்கப் புடுங்குனா தேதி மறந்துடும். நீங்க புடுங்குனீங்களா?"

வீட்டில் இருந்த மூன்று பேரும் இன்னமும் ஸ்விட்சில் தொங்கும் அட்டையைப் பார்த்தார்கள்.

"ஒரு... பத்து பாஞ்சி தடவ புடுங்கியிருப்பேன்" என்றார் கிறிஸ்துதாஸ். முதல்முறையாக அவர் குரல் இறங்கியது.

"படம் காட்டுற சின்ன புரோகிராம், ஸ்கிரிப்ட்டுன்னு பேரு, அது வேற எடத்துலேந்து வரணும்ப்பா. அதோட சீட்டுல இந்த வருசத் தேதி இருக்கும். உங்க கம்ப்யூட்டரு பழைய தேதியில உக்காந்துகினு, இது இன்னும் வராத தேதியாச்சேன்னு உள்ள வுடாது."

"நாளைக்குத் தேதி போட்ட கேட் பாஸ நீட்டுனா செக்யூரிட்டி வுடுவானா, அதான்" என்று கோபாலகிருஷ்ணன் தொடையைத் தட்டினார். "கயித்த இழுத்தது யாருன்னு வாரம் பூரா தேடுன தாஸு. வெள்ளச் சட்ட போட்டுகினு இங்கதான் உக்காந்துருக்கான்!"

மணி நாலு இருபது. திரையோர எண்ணின் மேல் இரண்டு தரம் அமுக்கியதும் காலண்டர் வந்தது. கிறிஸ்துதாஸ் வருடத்தை ஒவ்வொன்றாக ஏற்றினார். மார்த்தாள் தோளுக்கு மேல் நின்று ஏலம் விட்டாள். "மூணு... நாலு... அஞ்சி... ஆறு, எவா நர்சிங் சேந்தா... ஏழு, எட்டு... ஒம்போது, உங்க முட்டி ஆபரேசன்... பத்து... பதினொண்ணு, பிளேன் ஏறுனா... பன்னெண்டு... பதிமூணு! நில்லுங்க நில்லுங்க, பாப்பா பொறந்தாச்சி!"

மாதம், நாள், மணி எல்லாம் வைத்து, பக்கத்தை மறுபடி வரவழைத்தார். சாம்பல் பெட்டி வரவில்லை. கறுப்புக் கட்டத்தில் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. மூவரும் ஒரே மூச்சாக "ஆ!" என்றார்கள். சுற்றியது, சுற்றியது, திணறியது. வேறொரு பெட்டி முளைத்தது.

"இந்த ஸ்கிரிப்ட்டு ஓடுனா கம்ப்யூட்டரு மெதுவாவுதாம். நிறுத்தட்டுமான்னு கேக்குது" என்று கோபாலகிருஷ்ணன் படித்து முடிப்பதற்குள் கிறிஸ்துதாஸின் விரல் 'ஆமாம்' மேல் இறங்கிவிட்டது. இருபத்தெட்டு வருடத்தில், நிறுத்தட்டுமா என்று கேட்ட எந்த இயந்திரத்துக்கும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை.

திரை வெளுத்தது.

"யோவ்! ஏன்யா நிறுத்துன?"

"கேட்டுதே!"

"ஏங்க, கோயில் மணி அடிச்சிருப்பாங்க" என்று மார்த்தாள் கண்ணைத் துடைத்தாள். நாலு இருபத்தெட்டு.

மறுபடி பக்கம். மறுபடி சக்கரம். மறுபடி அதே கேள்வி. கம்ப்யூட்டர் உள்ளுக்குள் ஊளையிட்டது. கிறிஸ்துதாஸ் இடது உள்ளங்கையை அதன் பக்கவாட்டில் வைத்தார், பெல்ட் உருளையின் பேரிங் சூட்டைப் பார்க்கிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டார்.

"சூடாவுது. ஆனா போவுற சூடு இல்ல. பாரம் இழுக்குற சூடுதான்."

'வேண்டாம்' என்பதை அமுக்கினார். அமுக்கிய விரலை எடுக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. பெட்டி மறைந்தது, திரும்ப வந்தது. மறுபடி 'வேண்டாம்'. "ஓடட்டும். முனகிகினே ஓடட்டும். நான் நிறுத்த மாட்டேன்."

கட்டம் வெளிச்சமானது.

உயரத்திலிருந்து பார்க்கிற கேமரா. வழவழப்பான தரை, மெழுகுவர்த்திகள், கோட்டு போட்ட மனிதர்கள், ஒரு நீலப் புடவை. "எவா! அதோ எவா!" என்று மார்த்தாள் திரையைத் தொட்டாள். நீலப் புடவையின் கையில் ஒரு வெள்ளைப் பொட்டலம். படம் விட்டு விட்டு நகர்ந்தது. ஆனால் நகர்ந்தது. பொட்டலத்திலிருந்து ஒரு கை, விரல்நுனி அளவு கை, மேலே வந்து காற்றைப் பிடித்தது.

"அசையிது" என்றார் கிறிஸ்துதாஸ்.

"அப்பிடியே உன் கோவம்யா தாஸு, கைய ஓங்குது பாரு" என்றார் கோபாலகிருஷ்ணன்.

சாமியார், 'சோபியா' என்று பெயர் சொல்லி, குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றினார். ஒருமுறை. இரண்டு. மூன்று. ஒலிபெருக்கி வழியாக, கரகரவென்று, ஒரு சின்னத் தும்மல் வந்தது.

கிறிஸ்துதாஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் எழுந்து, பின்பக்கமாகவே நாலடி நடந்து, சுவரைத் தடவி, "ஈரத் தலையோட இருக்குதே" என்று தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார்.